நல்லா கேக்குது

மூட்டை படியில் உட்கார ஆரம்பித்தது அந்த வருஷத்து மழையில்தான்.

மூட்டை என்பது ஆள். துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு மாடியும் ஏறி இறங்குகிறவருக்கு அந்தக் குடியிருப்பில் அதுதான் பேர். சின்னக் குழந்தைகள்கூட "அம்மா, மூட்டை வந்திருக்கார்" என்று மரியாதையாகத்தான் கத்தும். கட்டடத்தில் முப்பத்திரண்டு வீடு. லிப்ட் என்ற பெயரில் ஒரு இரும்புக் கூண்டு உண்டு. அது கடைசியாக எப்போது ஓடியது என்பதில் குடியிருப்பவர்களுக்குள் இரண்டு கட்சி. தரையில், படிக்கட்டு மேலே ஏறுகிற இடத்துக்கு அடியில், நிமிர்ந்தால் மண்டை இடிக்கிற ஒரு முக்கோணச் சந்து. அதில் ஒரு மேஜை, மேஜைமேல் நாலாக மடித்த பழைய கம்பளி, கரி போட்டுத் தேய்க்கிற ஒரு இஸ்திரிப்பெட்டி, தண்ணீர் தெளிக்க ஒரு கிண்ணம். மூட்டையின் பெண்சாதி இருபத்திரண்டு வருஷமாக அங்கே நின்றுதான் தேய்க்கிறாள். அவளுக்கும் பேரென்று ஒன்று இருக்கத்தான் இருக்கும். எல்லோருக்கும் அவள் இஸ்திரிக்காரம்மா.

தலைக்கு மேலேயே படிக்கட்டு என்பதால் ஏறி இறங்குகிற கால்கள் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. நாலாவது மாடி டீச்சர் செருப்பைத் தரதரவென்று இழுத்து நடப்பார். இரண்டாவது மாடிப் பையன்கள் மூன்று படியை ஒரே தாவலாகத் தாவுவார்கள். அவள் புருஷனுடைய கால் மட்டும் ஏறும்போதும் ஒரே தாளம், இறங்கும்போதும் ஒரே தாளம். அன்றைக்கு அந்தத் தாளம் இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றுவிட்டது. அவள் ஒரு சட்டையை முடித்து மடித்தும் வைத்துவிட்டாள். இன்னும் கால் நகரவில்லை.

"என்னங்க, அங்கயே குடித்தனம் வச்சிட்டீங்களா?" என்று கீழேயிருந்து குரல் கொடுத்தாள்.

"வரேன் வரேன். கொஞ்சம் உக்காந்துட்டு வரேன்."

"உக்காரவா? எதுக்கு?"

"சும்மாதான் புள்ள."

சும்மா உட்காருகிற ஆளே இல்லை அவர். சாப்பிடும்போதே பாதியில் எழுந்து பெட்டிக்குக் கரி போடுகிறவர். ஒரு மாதிரியாகத்தான் இருந்தது அவளுக்கு. ஆனாலும் மழைக்காலம், துணி காயாமல் குவிந்து கிடந்தது, யோசிக்க நேரமில்லை. அதற்கடுத்த மாதம் மூன்றாவது மாடியில் அவர் மயங்கி விழுந்தார். தேய்த்த பதினெட்டுச் சட்டையும் படியெல்லாம் சிதறிக் கிடக்க, டீச்சர் ஓடி வந்து முகத்தில் தண்ணீர் அடித்தார். கண் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "சட்டையில அழுக்குப் பட்டிருச்சா?"

"அழுக்குக் கெடக்கட்டும். நாளைக்கு ஆஸ்பத்திரி" என்றாள் இஸ்திரிக்காரம்மா. சொல்லிவிட்டு, யாரும் பார்க்காதபோது சந்துக்குள் போய் அழுதாள்.

பெரிய ஆஸ்பத்திரி அது. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளும் அங்கேதான் தொழில் கற்றுக்கொள்வார்கள். புதன்கிழமை நெஞ்சு நோய்க்காரர்களின் நாள். முதல் புதன் பெரிய டாக்டரே பார்த்தார். தலை நரைத்த, அவசரக்கார மனுஷர். குழாயை நெஞ்சில் வைத்தார், கழுத்தில் வைத்தார், மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் சுவரையே பார்த்தார். ஆஸ்பத்திரியில் அவருக்குக் கொடுத்த நோட்டுப் புத்தகத்தில் முதல் பக்கம் நிறைய ஆங்கிலத்தில் எழுதினார்.

"வால்வுல கோளாறு இருக்கு. எல்லாம் எழுதியிருக்கேன். மாத்திரையச் சாப்பிடுங்க. அடுத்த தடவ உக்கார வச்சு விவரமாச் சொல்றேன்" என்றார். அதற்குள் வார்டிலிருந்து யாரோ கூப்பிட, எழுந்து ஓடினார்.

அடுத்த தடவை அவர் இல்லை. இல்லை என்றால் ஆஸ்பத்திரியிலேயே இல்லை என்று அர்த்தமில்லை, எங்கேயோ இருந்தார். வார்டில் இருப்பதாக ஒருவர் சொன்னார், மீட்டிங்கில் இருப்பதாக இன்னொருவர் சொன்னார். மூன்று அறை, பன்னிரண்டு மாணவர்கள், வராந்தா முழுக்க நோயாளிகள். மூட்டைக்குக் கிடைத்தது மூன்றாவது அறை. உள்ளே இரண்டு பையன்களும் கண்ணாடி போட்ட ஒரு பெண்ணும்.

"சட்டையக் கழட்டுங்க ஐயா."

"கழட்டிட்டாப் போச்சு. மடிச்சு வைங்க தம்பி, மடிப்புக் கலைஞ்சா வீட்டுல திட்டு விழும்."

முதல் பையன் குழாயை வைத்தான். அவன் முகம் மலர்ந்த மலர்ச்சியை இஸ்திரிக்காரம்மா பக்கத்தில் நின்று பார்த்தாள். "டேய், இங்க வந்து கேளுடா. கணீர்னு கேக்குது!" இரண்டாமவன் கேட்டான். "கழுத்து வரைக்கும் வருதுடா! அப்படியே புத்தகத்துல போட்டிருக்கற மாதிரி!" கடைசியாகக் கண்ணாடிப் பெண் கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டாள். கோயிலில் நிற்கிற மாதிரி நின்றாள். பிறகு கண்ணைத் திறந்து, "ரொம்ப நல்லா இருக்கு" என்றாள்.

இஸ்திரிக்காரம்மாவுக்கு உயிர் வந்தது. "நல்லா இருக்குங்களாம்மா?"

"சூப்பரா இருக்கும்மா" என்றான் பையன் குறுக்கே. "இவ்வளவு தெளிவா நாங்க யாருக்கும் கேட்டதே இல்ல."

"அந்தப் பெரிய டாக்டரு ஏதோ கோளாறுன்னாரே தம்பி?"

"அதுக்குத்தான் மாத்திரை குடுத்திருக்காரே. சார் சொன்னபடியே சாப்பிடுங்க."

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது. டாக்டருக்குப் படிக்கிறவர்களிடம் ஒரு பேச்சு வழக்கு உண்டு. நோய் பளிச்சென்று பிடிபட்டால் அது அவர்களுக்கு நல்ல நோய். கட்டி பெரிதாக இருந்தால் நல்ல கட்டி, சத்தம் பலமாக இருந்தால் நல்ல சத்தம். ஒழுங்காக இருக்கிற நெஞ்சில் படிக்க ஒன்றுமில்லை. மூட்டையின் நெஞ்சிலோ ரத்தம் வெளியே போகிற வாசல் சுருங்கிப்போய், அந்தச் சந்தில் முட்டி மோதி இரைந்துகொண்டு போயிற்று. அந்த இரைச்சலைத்தான் பிள்ளைகள் மெச்சினார்கள். அவர்கள் பொய் சொல்லவுமில்லை, கேலி பண்ணவுமில்லை. கேட்டுக்கொண்டு நின்ற இரண்டு பேருக்கோ நல்லா என்றால் நல்லா, அவ்வளவுதான்.

கண்ணாடிப் பெண் நோட்டை எடுத்துக்கொண்டு வராந்தாவில் ஓடினாள். பெரிய டாக்டர் செல்போனில் பேசிக்கொண்டே நோட்டைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டது கதவோரம் நின்ற இஸ்திரிக்காரம்மாவுக்குத் தெரிந்தது. "அந்த வால்வு கேஸ்தானே? அதே மருந்தக் குடு. எல்லாரையும் ஒரு தடவ கேக்கச் சொல்லு, இந்த மாதிரி கெடைக்காது" என்று அவர் சொன்னதும் காதில் விழுந்தது. கிடைக்காது என்கிறாரே என்று அவளுக்கு வாயெல்லாம் பல்.

"அந்தச் சத்தத்துக்குப் பேரு என்னம்மா?" என்று மூட்டை கிளம்பும்போது கேட்டார்.

"மர்மர்னு சொல்லுவோம் ஐயா."

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக டீச்சரிடம் அளந்தார். "எனக்குள்ள ஒரு மர்மம் இருக்காம் டீச்சர். பன்னெண்டு பேரு காது வச்சுக் கேக்கறாங்க, ஒருத்தருக்கும் பிடிபடல."

"மர்மமும் இல்ல மண்ணும் இல்ல" என்றாள் இஸ்திரிக்காரம்மா. "நெஞ்சு கல்லு மாதிரி இருக்குன்னு சொல்லிட்டாங்க. இனிமே படியில உக்காந்து ஊர்க்கதை பேசினீங்கன்னா பாருங்க."

ஆனால் உட்காருவது நிற்கவில்லை. முன்பு இரண்டாவது மாடியில் ஒரு தடவை என்றால் இப்போது முதல் மாடியிலும் ஒரு தடவை. மூட்டையைச் சின்னச் சின்னதாகப் பிரித்துக்கொண்டு போனார். அப்படிப் போனால் நடை அதிகமாகிறது, பொழுது போகிறது. காலையில் ஆபீஸ் போகிறவர்கள் பனியனோடு நின்று மேலேயிருந்து கத்தினார்கள். பெட்டியை ஆறவிட்டு அவளே பாதி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவளுக்கோ முழங்காலில் நீர். இறங்கி வரும்போது அவர் திருப்பத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். முகம் வெளுத்து, உதட்டின்மேல் வேர்வை முத்து முத்தாக நிற்கும்.

"ஏங்க, நெஞ்சு நல்லா இருக்குன்னு அத்தன பேரு சொல்றாங்க. உங்களுக்கு என்னதான் பண்ணுது?"

"எனக்கே புரியல புள்ள. மூணாவது மாடிக்குப் போறப்ப உள்ள யாரோ கை விட்டுப் பிழியற மாதிரி இருக்கு."

"பிழியற துணி கீழ ஒரு வாளி கெடக்கு. வந்து அதப் பிழிங்க."

அவர் சிரித்துவிடுவார். அதுதான் அவரிடம் கெட்ட பழக்கம். கோபித்துக்கொண்டு திருப்பி இரண்டு வார்த்தை பேசியிருந்தால் அவளும் நின்று யோசித்திருப்பாள். சிரித்தால் என்ன தெரியும்? சிரித்துக்கொண்டே சுவரைப் பிடித்து எழுந்து ஏறுவார்.

கல்யாணமாகித் தூரத்தில் இருக்கிற மகள் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். "அப்பா எப்படிம்மா இருக்காரு?"

"உங்கப்பாவுக்கு என்ன, மகாராஜா. மாடிக்கு ஒரு சிம்மாசனம் போட்டுக் குடுத்தா உக்காந்துக்குவாரு. டாக்டருங்க எல்லாம் சூப்பர்ங்கறாங்க. உடம்பு வளையலடி, வேற ஒண்ணுமில்ல."

"போன அப்பாகிட்டக் குடு" என்பாள் மகள். அப்பாவும் மகளும் என்னமோ குசுகுசுவென்று பேசிக்கொள்வார்கள். பிறகு அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நம்ம புள்ள என்னைய நம்புது" என்று சொல்லிச் சிரிப்பார்.

அடுத்தடுத்த புதன்கிழமைகளிலும் போனார்கள். ஒவ்வொரு தடவையும் கண்ணாடிப் பெண்ணோடு புதுப்பிள்ளைகள், புதுக்குழாய். மூட்டை இப்போது அங்கே ஒரு பிரமுகர். வரிசையில் நிற்கவைக்காமல் கூட்டிக்கொண்டு போவார்கள், டீ வாங்கிக் கொடுப்பார்கள். புதிதாக வந்தவர்களுக்கு அவரே இடம் காட்டுவார். "அங்க இல்ல தம்பி, கொஞ்சம் வலது பக்கம், மேல. இப்பக் கேக்குதா? அப்படியே கழுத்துக்கு வாங்க." மாடி ஏறினால் மூச்சு வாங்குவதையும், கண் இருட்டிக்கொண்டு வருவதையும் அவர் சொல்லத்தான் செய்தார். அவர்கள் எழுதிக்கொள்ளத்தான் செய்தார்கள். நோட்டு தீர்ந்து புது நோட்டுக் கொடுத்தார்கள், அதிலும் எழுதினார்கள். "நிதானமா ஏறுங்க ஐயா" என்றாள் கண்ணாடிப் பெண். திரும்பி வரும்போது பஸ்ஸில் இஸ்திரிக்காரம்மா அதையே பிடித்துக்கொண்டாள். "நிதானமா ஏறத்தான் சொன்னாங்க. உக்காரச் சொன்னாங்களா?"

பிள்ளைகளுக்குப் பரீட்சை வந்தது. பரீட்சைக்கு நோயாளியைப் படுக்கவைத்து, என்ன நோய் என்று மாணவர்களைக் கண்டுபிடிக்கச் சொல்வார்களாம். மூட்டையைத்தான் கூப்பிட்டார்கள். அவருடைய வெள்ளைச் சட்டையை அன்றைக்கு அவள் மூன்று தடவை தேய்த்தாள். "யாருக்கும் எதையும் சொல்லிக் குடுக்கக் கூடாதாம், கண்டிஷன்" என்று சொல்லிக்கொண்டு போனவர், சாயங்காலம் வந்ததும் அவள் காதோடு சொன்னார். "நம்ம கண்ணாடிப் பொண்ணு பயந்துபோச்சு புள்ள. கழுத்துல வைக்க மறந்துருச்சு. நான் இருமற மாதிரி இருமி, கழுத்தச் சொறிஞ்சேன். சட்டுனு புடிச்சிருச்சு. கெட்டிக்காரப் பொண்ணு."

"ஆமா, அந்தப் பொண்ணு பாஸாகறதுக்கு நீங்க இருமுங்க. இங்க தேய்ச்ச துணி மலையாக் கெடக்குது."

சொன்னாளே தவிர, அவளுக்கும் பெருமைதான். அடுத்த புதன் அந்தப் பெண் மூட்டையின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களாலதான் ஐயா பாஸானேன்" என்று கண் கலங்கினபோது இஸ்திரிக்காரம்மாவுக்கும் கலங்கிற்று.

வெயில் ஏறிவிட்டிருந்த ஒரு காலை. நாலாவது மாடி டீச்சர் வீட்டுத் திரைச்சீலை, கம்பளி, மெத்தை உறை எல்லாம் தேய்த்து முடிந்து ஒரே மூட்டையாகக் கட்டியிருந்தது. ஆள் உயரம். மூட்டை அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார்.

"ரெண்டாப் பிரிச்சுக் கட்டித் தரியா?"

அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். மேலேயிருந்து இரண்டு பேர் ஏற்கெனவே சட்டை கேட்டுக் கத்தியாயிற்று. முழங்கால் வேறு காலையிலிருந்து குத்திக்கொண்டிருந்தது. "பிரிச்சா ரெண்டு நடை. உங்க ரெண்டு நடைக்கு மத்தியானம் ஆயிரும். இங்க பாருங்க, நான் ஒண்ணு சொல்லட்டுமா? அது பழக்கம். ஒரு நாள் உக்காந்தீங்க, காலு அந்த எடத்துல உக்காரப் பழகிருச்சு. இன்னிக்கு ஒரே ஒரு நாள் உக்காராம ஏறிப் பாருங்க. அப்புறம் எல்லாம் சரியாயிரும்."

"ஏறிட்டா என்ன தருவ?"

"மத்தியானம் முட்டை வறுத்துத் தரேன்."

"எத்தன முட்டை?"

"ரெண்டு."

"அட, ரெண்டு முட்டைக்கு எட்டு மாடிகூட ஏறலாமே" என்று சொல்லி மூட்டைக்கு அடியில் தோளைக் கொடுத்தார். அவள்தான் பின்னால் நின்று தூக்கிவிட்டாள்.

பெட்டியை எடுக்காமல் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். முதல் மாடித் திருப்பம். நிற்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாவது மாடித் திருப்பம், அவர் வழக்கமாக உட்காருகிற இடம். கால் கொஞ்சம் தயங்கிற்று. "நிக்காதீங்க! அப்படியே போங்க!" என்று கீழேயிருந்து கத்தினாள். கால் நகர்ந்தது. மூன்றாவது மாடி. அடி கனமாக விழுந்தது, ஆனாலும் விழுந்துகொண்டே இருந்தது. "ஆங், அப்படித்தான்! முடியுதுல்ல! முடியுதுல்ல என் ராசா!" இருபத்திரண்டு வருஷத்தில் அவரை ராசா என்று அவள் கூப்பிட்டதில்லை, தனக்கே வெட்கமாக இருந்தது. நாலாவது மாடியில் கடைசிப் படி. அப்புறம் தொப்பென்று ஒரு சத்தம்.

மூட்டையை இறக்கி வைத்துவிட்டார் என்று நினைத்தாள். பெட்டியை எடுத்து அடுத்த சட்டையின் காலரில் வைத்தாள். காலர் முடிந்து கை மடிப்புக்கு வந்தபோதுதான் டீச்சர் அலறினார்.

முட்டிக்கால் வலியோடு அவள் எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. கம்பளி மூட்டைமேல் தலை வைத்துத் தூங்குகிற மாதிரிதான் கிடந்தார். கண் பாதி திறந்திருந்தது. டீச்சர் தண்ணீர் அடித்துப் பார்த்தார், உள்ளங்காலைத் தேய்த்துப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது வாசலிலேயே, யாரோ முகம் தெரியாத டாக்டர், முடிந்துவிட்டது என்று சொன்னார். அன்றைக்குப் புதன்கிழமைகூட இல்லை.

வந்தவர்கள் எல்லோரும் சொல்லி வைத்த மாதிரி ஒன்றையே சொன்னார்கள். "படுக்கையில விழாம, யாருக்கும் பாரமில்லாம, ஒரு நிமிஷத்துல போயிட்டாரு. கொடுத்து வச்ச மனுசன்." மகள் வந்து பதினைந்து நாள் இருந்துவிட்டுப் போனாள். போகும்போது, "அப்பா என்கிட்ட முடியலைன்னு சொன்னாரும்மா" என்றாள். "டாக்டருங்களே நல்லா இருக்குன்னாங்கடி. நெஞ்சு இல்ல, வேற என்னமோ. நம்ம விதி" என்று இஸ்திரிக்காரம்மா சொன்னாள். அவளுக்கு இருந்த ஒரே பிடிமானம் அதுதான். பார்க்க வேண்டியவர்கள் பார்த்தார்கள், கேட்க வேண்டியவர்கள் கேட்டார்கள், தன் பங்கில் ஒரு குறையும் வைக்கவில்லை. அந்தத் தைரியத்தில்தான் மறுபடியும் பெட்டிக்குக் கரி போட்டாள். குடியிருப்புக்காரர்கள் அவரவர் துணியை அவரவரே கீழே கொண்டுவந்து கொடுத்துப் போனார்கள். முதலிலேயே அப்படிச் செய்திருக்கலாம். செய்யவில்லை.

ஒரு மாதம் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கண்ணாடிப் பெண் வந்து நின்றாள். வெள்ளைக்கோட்டை மடித்துக் கையில் வைத்திருந்தாள்.

"அம்மா, உங்க வீட்டக் கண்டுபிடிக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு. ஐயா ஏன் நாலு வாரமா வரல? அடுத்த வாரம் ஜூனியர் பசங்களுக்குப் பரீட்சை. ஐயா வந்தாங்கன்னா நல்லா இருக்கும்."

"அவரு போயிட்டாரும்மா."

"எங்க?"

இஸ்திரிக்காரம்மா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. அப்படியே கடைசிப் படியில் உட்கார்ந்தாள்.

"எப்பம்மா? எப்படி?"

"ஒரு மாசம் ஆச்சு. நல்லாத்தான் இருந்தாரு. காலையில மேல டீச்சர் வீட்டு மூட்டையத் தூக்கிக்கிட்டு நாலு மாடி ஏறினாரு. போட்டது போட்டபடி போயிட்டாரு."

"நாலு மாடியா?" பெண் நிமிர்ந்தாள். "மூட்டையத் தூக்கிக்கிட்டா? அவரு கனம் தூக்கவே கூடாதேம்மா. ஏன் விட்டீங்க? ஆபரேஷன் தள்ளிப் போச்சா?"

"என்ன ஆபரேஷன்?"

படிக்கட்டில் யாரோ ஏறிப் போனார்கள்.

"சார் உங்ககிட்டச் சொல்லலையா?" என்றாள் பெண். குரல் தேய்ந்துவிட்டிருந்தது.

"எந்தச் சார்? மொத நாள் பார்த்தவரு அப்புறம் எங்ககிட்ட உக்காந்து பேசவே இல்ல. எங்ககிட்டச் சொன்னதெல்லாம் நீங்கதான். நெஞ்சு ரொம்ப நல்லா இருக்கு, சூப்பரா இருக்குன்னு நீயும் அந்தத் தம்பிங்களும்தான் சொன்னீங்க."

பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "நெஞ்சச் சொல்லலம்மா. சத்தத்தச் சொன்னோம். நோயோட சத்தம். அது நல்லா கேக்குதுன்னு… எங்களுக்குப் படிக்க நல்லா இருக்குன்னு…"

இஸ்திரிக்காரம்மாவுக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கினபோது மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"நோயாளிகிட்ட நீங்களா எதையும் சொல்லாதீங்க, நான் சொல்லிக்கறேன்னு சார் எங்களுக்குச் சொல்லியிருந்தாரு" என்று பெண் அழுதுகொண்டே பேசினாள். "அவரு சொல்லியிருப்பாருன்னு நாங்க நெனச்சோம். நாங்க பாத்துக்கறோம்னு அவரு நெனச்சிருப்பாரு. மொதல் நோட்டுல மொதல் பக்கத்துலயே எழுதியிருக்காரும்மா. கனம் தூக்கக் கூடாது, வேகமாப் படி ஏறக் கூடாது, சீக்கிரம் ஆபரேஷனுக்கு அனுப்பணும்னு. புது நோட்டுக்கு மாத்தினது நான்தான். அன்னிக்கு வெளியே அறுபது பேரு நின்னாங்க. மருந்த மட்டும் பார்த்து எழுதினேன். அத எழுதல. வேலைங்கற எடத்துல இஸ்திரின்னு போட்டிருந்துச்சு. ஒரே எடத்துல நின்னு தேய்க்கறவருன்னு நெனச்சுட்டேன். என்ன வேலை செய்யறீங்கன்னு நான் கேக்கவே இல்லம்மா."

"ஒரு வார்த்த" என்றாள் இஸ்திரிக்காரம்மா. பிறகு கத்தினாள். "ஏண்டி, நல்லா இருக்குன்னு சொல்ல வந்த நாக்கு, நல்லா இல்லன்னு சொல்ல வரலையா? எத்தன தடவ சட்டையக் கழட்டினாரு! எத்தன பேரு காது வச்சுக் கேட்டீங்க! உனக்காக இருமினாரேடி அந்த மனுசன்!"

முதல் மாடியில் ஒரு கதவு திறந்தது. யாரோ எட்டிப் பார்த்துவிட்டு மெல்லச் சாத்திக்கொண்டார்கள்.

கத்தின வேகம் இஸ்திரிக்காரம்மாவுக்கு அடங்கிற்று. மேஜையில் பாதி தேய்த்த பாவாடை கிடந்தது. அவள் எதையோ ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறவள் மாதிரி உதட்டை அசைத்தாள். பிறகு வந்து அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்தாள். குரல் இப்போது தணிந்திருந்தது, கேட்கவே பயந்த மாதிரி இருந்தது.

"ஏம்மா, நீ படிச்ச பொண்ணு. ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லு. மூச்சு வாங்குதுன்னு படியில உக்காந்தாரே, அது?"

"முடியாமத்தாம்மா உக்காந்திருப்பாரு."

"உள்ள பிழியற மாதிரி இருக்குன்னாரே?"

"ஆமாம்மா. அப்படித்தான் இருக்கும்."

"எட்டு மாசமா?"

"ஆமாம்மா."

"அப்ப அவரு நடிக்கலையா?"

பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"உக்காருங்கன்னு சொல்லியிருப்பேனேம்மா" என்றாள் இஸ்திரிக்காரம்மா. "மாடிக்கு மாடி உக்காருங்க, நான் வந்து வாங்கிக்கறேன்னு சொல்லியிருப்பேனே. நான் சொல்லாமலே உக்காந்துதான் இருந்தாரு அந்த மனுசன். எந்திரிங்க எந்திரிங்கன்னு நான்தானே ஏத்திவிட்டேன்."